வின்செஸ்ரர்ப் பேராலயமும் ஒரு சுழியோடியும்

இங்கிலாந்து தேசத்தின் தென்பாகத்திலே, ஹம்ஷயர் என்னும் பகுதியில், இச்சென் என்ற சிற்றாற்றின் கரையில் அமைந்தது வின்செஸ்ரர் நகரம். இலண்டன் மாநகரின் வாட்டர்லூ நிலையத்திற் புகையிரதம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். அல்பிரட் அரசன் முதலாய சாக்சன் வேந்தர் காலத்தில் அரசிருக்கையாய் விளங்கிய நகரம் அது. இன்றோ, பெருந்தெருவின் கீழ்முனையில் அல்பிரட்டின் வெண்கலச் சிலை வாளேந்தி நிற்பதைத் தவிர, அரச ஆரவாரம் எதுவும் அங்கில்லை. அமைதியே உருவான சிறு பட்டினமாய்க் காட்சியளிக்கிறது. ஆறு மிகத் தெளிந்த நீருடையது. அடியிற் கிடக்கும் கற்களை எண்ணிவிடலாம். ஆற்றைப்பற்றி முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. அந்நகரத்துப் பேராலயத்தின் வரலாற்றிற் பாதி நீரின் வரலாறாகும்.

நாம் அங்கே சென்றது பெப்ரவரி மாதத்து முற்பகல் ஒன்றில். முதல் நாள் பெய்த மழையால் புற்றரை நனைந்து கிடந்தது. வானளாவிய கோபுரத்தை மனத்தில் எண்ணிக்கொண்டு செல்பவர்க்கு இப்பேராலயம் முதற்பார்வையில் ஏமாற்றத்தையே தரும். அதன் நடுக்கோபுரம் குட்டையானது. தலை நிமிர மறுத்த தோற்றமுடையது. ஆனால் மேற்கு வாயிலால் நுழைந்து, கிழக்கு நோக்கி நின்றதும் எண்ணம் மாறிவிடுகிறது. தூண்களின் வரிசை முடிவின்றிச் செல்வதுபோலத் தோன்றுகிறது. மொத்த நீளம் 558 அடி. இடைக்காலத்தில் எழுந்த பேராலயங்களுள் இதுவே மிக நீளமானது என்பர். வாயிலில், பழக்கத்தினால், பாதரட்சையைக் கழற்றவேண்டுமோ என்று எமது கால் ஒரு கணம் தயங்கியது. அங்கே அவ்வழக்கம் இல்லை. வழிபடச் செல்வோர்க்குக் கட்டணமில்லை; பார்க்கச் செல்வோர்க்கு உண்டு. ஆயிரம் ஆண்டை நெருங்கும் கட்டடமொன்றை ஒழுக்கின்றிக் காப்பது எளிய செலவன்று ஆகலின், அக்கட்டணத்தைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

நோர்மன் மன்னனாகிய முதலாம் வில்லியம் இங்கிலாந்தை வென்ற பின்னர், வோக்கலின் என்னும் மேற்றிராணியார் 1079ஆம் ஆண்டில் இவ்வாலயத்தைத் தொடங்கினார். கல், வைற்றுத் தீவிலிருந்து தோணிகளில் வந்தது. மரம் வந்த விதத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை வழங்குகிறது. தம் காடொன்றிலே குறித்த சில நாளில் எவ்வளவு மரம் வெட்டமுடியுமோ அவ்வளவையும் எடுத்துக்கொள்ளலாம் என மன்னன் அனுமதி கொடுத்தானாம். வோக்கலின் நாட்டிலுள்ள மரம் வெட்டுவோரையெல்லாம் திரட்டி, அந்நாட்களிற் காடு முழுவதையும் மொட்டையாக்கிவிட்டாராம். மன்னன் வந்து பார்த்தபோது கடுஞ்சினங் கொண்டான் என்றும், மேற்றிராணியார் காலில் வீழ்ந்து மன்னிப்புப் பெற்றார் என்றும் கதை முடிகிறது. 1093ஆம் ஆண்டிலே துறவிகள் பழைய கோயிலை விட்டுப் புதிய கோயிலுக்குக் குடிபுகுந்தனர். பழைய கோயிலோ இடித்துத் தள்ளப்பட்டது. அது நின்ற இடம் இன்று பேராலயத்தின் வடபுறத்துப் புற்றரையிலே செங்கல் வரம்பினால் வரைந்து காட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அக்கோடுகளின்மீது ஓடி விளையாடுவதைக் கண்டோம்.

அப்பழைய கோயிலோடு சேர்ந்த அடியார் ஒருவர் சுவிதன் என்பவர். ஒன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்ரரின் மேற்றிராணியாராக இருந்தவர். தம்மைக் கோயிலுக்குள்ளே அடக்கஞ் செய்யாமல், வழிப்போக்கர் கால் படவும் மழைத்துளி விழவும் வெளியிலே புதைக்குமாறு அவர் வேண்டினார் என்பது மரபு. 971ஆம் ஆண்டு யூலை 15ஆந் தேதி அவருடைய உடலை உள்ளே கொண்டு சென்றனர். யூலை 15இல் மழை பெய்தால் அதன்பின் நாற்பது நாள் விடாது பெய்யும் என்று ஆங்கிலேயக் குடியானவர் இன்றுவரை சொல்லி வருகின்றனர்.

கல்லும் மரமும் நோர்மன் காலத்தவையாயினும், இப்போது நாம் காணும் நடுமண்டபம் பதினான்காம் நூற்றாண்டிற் புதுக்கப்பட்டது. அப்பணியைப் பெரும்பாலும் நிறைவேற்றியவர் வைக்கம் என்னும் ஊரிற் பிறந்த வில்லியம் மேற்றிராணியார். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இவர் பெயர் இனிமையானது. 1379இல் ஒக்ஸ்போட்டிலே ஒரு கல்லூரியையும், 1382இல் வின்செஸ்ரரிலே சிறுவர்க்கான கல்லூரியையும் நிறுவியவர் இவரே. இரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. இவர் துயிலும் சிறு மண்டபம் தூண்களின் இடையே இருக்கிறது. கல்லில் வடித்த அவருடைய உருவத்தின் காலடியில் மூன்று சிறிய துறவியர் உருவங்கள் அமர்ந்து பிரார்த்தனை செய்கின்றன. பாராளுமன்றப் படைக்கும் அரசனுக்கும் போர் நடந்தபோது, 1642இல், போர்வீரர் ஆலயத்துட் புகுந்து பலவற்றை நொறுக்கினர். வைக்கத்தாரின் சமாதி தப்பியது. படைத்தலைவருள் ஒருவன் அவருடைய கல்லூரியிற் பயின்ற பழைய மாணவன் ஆகையால், வாளை உருவிக்கொண்டு வாயிலில் நின்று காத்தான் என்று ஊரார் சொல்வர். உண்மையோ பொய்யோ, எந்த ஆசிரியனும் நம்ப விரும்பும் கதை அது.

அவ்வீரர்கள் செய்த வேலையை மேற்குச் சாளரத்திற் பார்க்கலாம். சித்திரக் கண்ணாடிகளாலான பெருஞ்சாளரம் அது. வீரர் அதை உடைக்க எறிந்தவை கற்களல்ல. சாக்சன் அரசர்களின் எலும்புகள் நிறைந்த பேழைகள் ஆலயத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை இழுத்துத் திறந்து, எலும்புகளை எடுத்து வீசினார்களாம். சிதறிய கண்ணாடித் துண்டுகளை நகர மக்கள் பொறுக்கிச் சேர்த்தனர். பின்னர் முடியாட்சி திரும்பியபோது, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பது எவர்க்குந் தெரியவில்லை. ஆகவே கைக்கு வந்தபடி அவற்றைப் பொருத்திவிட்டனர். இன்று அச்சாளரத்தில் ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் விரல், நீலம், பொன்னிறம் யாவும் கலந்து கிடக்கின்றன. நாம் நெடுநேரம் அதன்கீழ் நின்றோம். ஒழுங்காய் வரைந்த சாளரங்கள் பலவற்றை வேறிடங்களிற் கண்டிருக்கிறோம். எதுவும் இதைப்போல மனத்தைத் தொடவில்லை.

எலும்புகளுக்கும் அதே கதிதான். பொறுக்கியவற்றைப் பேழைகளில் இட்டனர். எவருடையது எது என்று கூற வழியில்லை. அண்மைக் காலத்தில் பிரிஸ்ரல் பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தனர். பேழைகளில் ஆகக்குறைந்தது 23 பேரின் எலும்புகள் உள்ளன என்றும், அவற்றுள் முதிர்ந்த பெண் ஒருத்தியின் எலும்புகள் இரண்டு இங்கிலாந்து மன்னர்களை மணந்த எம்மா அரசியினுடையனவாய் இருத்தல் கூடும் என்றும் 2019இல் அறிவித்தனர்.

வடபுற ஒடையில் தரையிலே கரிய கற்பலகை ஒன்று பதிந்திருக்கிறது. மாணவர் பலர் நன்கறிந்த ஜேன் ஒஸ்ரின் அம்மையார் அதன்கீழ் உறங்குகிறார். நோய்க்கு மருத்துவம் நாடி 1817ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நகருக்கு வந்து, கல்லூரித் தெருவில் வாடகைக்கு எடுத்த வீடொன்றில் யூலை 18ஆந் தேதி காலமானார். வயது 41. பெண்கள் அடக்கத்துக்குச் செல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமையால், உடன்பிறந்த கசண்டிரா சவ ஊர்வலம் தெருமுனையில் மறையும்வரை சாளரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். கற்பலகையில் அம்மையாரின் நற்குணம், பொறுமை, பக்தி, அறிவாற்றல் எல்லாம் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் நாவல் எழுதினார் என்ற செய்தி மட்டும் இல்லை. அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் எவற்றிலும் அவர் பெயர் அச்சிடப்படவும் இல்லை. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 1872இல், சுவரிலே ஒரு பித்தளைத் தகடு பதித்து அக்குறையை நீக்கினர்.

தெற்கே ஒரு தனி அறையில் பன்னிரண்டாம் நூற்றாண்டு விவிலியம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 468 தோல் ஏடுகள். அவற்றுக்கு ஏறத்தாழ 250 கன்றுகளின் தோல் வேண்டியிருந்தது. மூலம் முழுவதையும் எழுதியது ஒரே ஒருவரின் கை. எழுத்துக்குள்ளே சித்திரம் தீட்டியவர்கள் அறுவர். பொன்னும் நீலமும் இன்றும் ஈரமாயிருப்பதுபோல மின்னுகின்றன. சில எழுத்துக்களிற் கோடு மட்டும் இழுத்து, வர்ணம் தீட்டாமல் விட்டிருக்கின்றனர். பணி முடியவில்லை. எழுதியவர் பெயரும் தெரியவில்லை.

இனி ஆலயத்தின் கிழக்குப் பகுதிக்கு வருவோம். எமது யாத்திரையில் முக்கியமானது என்று நாம் கருதுவது அதுவே. அங்கே நின்று சுவர்களையும் தூண்களையும் கூர்ந்து பார்த்தால், அவை நேராக இல்லை என்பது புலனாகும். சில சாய்ந்து நிற்கின்றன. தலை சுற்றுகிறதோ என்று ஐயுற வேண்டியதில்லை, கட்டடந்தான் சாய்ந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லூசி என்னும் மேற்றிராணியாரின் திட்டப்படி ஆலயத்தைக் கிழக்கே நீட்டினர். நிலமோ ஆற்றுப் பள்ளத்துச் சதுப்பு நிலம். மேலே சில அடி மண், அதன்கீழ்க் களி, அதன்கீழ், இலைதழைகள் பல்லாயிரம் ஆண்டாக மக்கிப் படிந்த 'பீற்று' என்னும் கரிய படை, அதற்கும் கீழேதான் உறுதியான பரற்கற்படை. பரற்கற்படைவரை தோண்ட அக்காலத்தவரால் இயலவில்லை. தோண்டத் தோண்ட நீர் ஊறியது. ஆகவே பீச் மரக்குற்றிகளை நெருக்கமாக அடுக்கிப் படுக்கைபோல் இட்டு, அதன்மேற் கற்சுவரை எழுப்பினர். மரம் நீரில் மூழ்கியே இருப்பின் எளிதில் உளுத்துப்போகாது. அவ்வகையில் அவர்கள் கணக்கு முற்றிலும் பிழையன்று. ஆனால் மரப்படுக்கைக்குக் கீழே இருந்தது பஞ்சு போன்ற பீற்று. எழுநூறு ஆண்டுகளாய்ச் சுவரின் பாரம் அதை அமுக்கிக்கொண்டே இருந்தது.

1905ஆம் ஆண்டில் ஆபத்து மறைக்கமுடியாத நிலையை அடைந்தது. சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தன, வெடிப்புகள் அகன்றன, மேலிருந்து கற்சில்லுகள் உதிர்ந்தன. கட்டடக் கலைஞர் தோமஸ் ஜக்சன் என்பாரை அழைத்தனர். அவர் பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸின் உதவியை நாடினார். சுவரின் கீழே சிறு சிறு பகுதியாகத் தோண்டி, பீற்றை அகற்றி, பரற்கற்படையின்மீது புதிய அத்திவாரம் இடவேண்டும் என்பது முடிவு. ஆனால் பீற்றை வெட்டியவுடன் பரற்கற்களிடையே அடைபட்டிருந்த நீர் குபீரென்று பொங்கிக் குழியை நிரப்பியது. யந்திரத்தால் இறைத்துப் பார்த்தனர். இறைக்கும் நீரோடு நுண்மணலும் சேர்ந்து வந்தது. மணல் வெளியேறினால் பக்கத்துச் சுவரின் அடியும் குழியாகும், மருந்தே நோயாகும். நீரை இறைக்கவுங் கூடாது, நீருக்குள் கொத்தனார் நின்று வேலை செய்யவும் முடியாது. இந்த இக்கட்டுக்குப் பொக்ஸ் கண்ட வழி, கடலடியில் வேலை செய்யும் சுழியோடியைக் கொண்டுவருவது.

அப்படி வந்தவர்தான் வில்லியம் வோக்கர். தொழிலிற் கைதேர்ந்தவர், வயது முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு. 1906ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அவர் பேராலயத்தின் அடியில் இறங்கினார். 1911ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலேதான் அப்பணியை முடித்துக் கரையேறினார்.

அவர் செய்த வேலை எத்தகையது என்பதை மாணவர்கள் மனக்கண்ணாற் பார்க்கவேண்டும். குழியின் ஆழம் இருபது அடிவரை. பீற்றுக் கலங்கிய நீர் மைபோலக் கறுத்திருந்தது. விளக்கைக் கொண்டு சென்றாலும் பயனில்லை. முகத்தருகே பிடித்த கையுந் தெரியாது. ஆகவே எல்லாம் தடவித் தடவியே. பக்கத்தில் பழைய இடுகாடு இருந்தமையால் அந்நீர் தூய்மையானதும் அன்று. தடித்த றப்பர் உடை, செப்புத் தலைக்கவசம், ஈயம் பூட்டிய சப்பாத்து எல்லாமாக ஏறத்தாழ 200 இறாத்தல் பாரம். மேலேயிருந்து ஒரு குழாய்வழியே காற்றை அமுக்கி அனுப்பினர். அவ்விருளில் அவர் பீற்றின் எச்சத்தை வழித்து எடுத்து, பரற்கற்படையைச் சமப்படுத்தி, மேலிருந்து இறக்கும் கொன்கிரீற்று மூட்டைகளை ஒன்றோடொன்று இறுக அடுக்கினார். பின்னர் மூட்டைகளைக் கத்தியாற் கிழித்துவிடுவார். உள்ளிருந்த கலவை ஒன்றோடொன்று பற்றி இறுகும். இவ்வாறு அடித்தளம் பூட்டுப்போட்டதுபோல் அடைபட்ட பின்னரே நீரை இறைத்தனர். இறைத்த குழியிற் கொத்தனார்கள் இறங்கி, கொன்கிரீற்றுக் கட்டிகளாலும் செங்கல்லாலும் பழைய சுவரின் அடிவரை கட்டி முட்டுக்கொடுத்தனர். ஒரு குழி முடிந்ததும் அடுத்த குழி. மொத்தம் 235 குழிகள்.

உடையைக் கழற்றி மீண்டும் அணிய நெடுநேரம் செல்லும் ஆகையால், இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, அப்பாரத்தோடே அமர்ந்து உணவருந்திச் சுங்கானிற் புகைப்பாராம். பிறகு மறுபடி இருளுக்குள்.

ஐந்தரை ஆண்டில் உள்ளே சென்றவை: 25,000 மூட்டைக்கு மேற்பட்ட கொன்கிரீற்று, 115,000 கொன்கிரீற்றுக் கட்டிகள், 900,000 செங்கற்கள். செலவு ஏறத்தாழ 113,000 பவுண். மூட்டைகளை இறக்கியோர், காற்று யந்திரத்தை இயக்கியோர், கொத்தனார், கூலியாளர் என்று ஒரு கட்டத்தில் 150 பேர்வரை வேலை செய்தனர். வோக்கர் தனியொருவராய்க் கோயிலைத் தாங்கினார் என்று சிலர் சொல்வது மிகை. காற்றுக் குழாயின் மறுமுனையில் நின்றவன் சற்றே அசந்திருந்தால் வோக்கர் இல்லை. ஆனால் அவர் இறங்கியிராவிட்டால் ஏனைய எவரும் தம் வேலையைத் தொடங்கியிருக்க முடியாது என்பதும் உண்மை. தென்புறச் சுவருக்கு வெளியே உயர்ந்து நிற்கும் முட்டுச்சுவர்கள் ஜக்சன் அமைத்தவை. அவற்றை எல்லோரும் காணலாம். வோக்கரின் கைவேலையை எவரும் காணமுடியாது.

1912ஆம் ஆண்டு யூலை 15, சுவிதனின் திருநாளன்று, நன்றி வழிபாடு நடைபெற்றது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் வந்திருந்தனர். பொக்ஸ் அவ்வாண்டிலே 'சேர்' பட்டம் பெற்றார். வோக்கருக்கும் மன்னர் விருது ஒன்று கிடைத்தது. ஆறு ஆண்டின் பின், 1918 ஒக்டோபர் மாதத்தில், உலகெங்கும் மக்களை வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. வயது 49. நஞ்சு கலந்த நீரிலே ஐந்தரை ஆண்டு நின்றும் வராத மரணம், காற்றிலே வந்தது.

அவர் நினைவாக ஒரு சிறு சிலையை 1964இல் ஆலயத்தில் நிறுவினர். சுழியோடியின் உடை, கையில் தலைக்கவசம் எல்லாம் சரியாகவே அமைந்தன. முகம் மட்டும் வோக்கருடையதன்று. பொறியியலாளர் பொக்ஸின் முகம்! நிழற்படத்தில் ஆள் மாறிவிட்டது. தவறு தெரிந்த பின்னும் சிலை பல்லாண்டு அப்படியே நின்றது. 2001இல்தான் வேறொரு சிற்பி வடித்த புதிய சிலை அதன் இடத்தைப் பெற்றது. இதைச் சிரித்துவிட்டுக் கடந்து செல்லும் பிரயாணிகள் பலர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னரின் எலும்புகள் கலந்துபோனதற்குப் போரைக் காரணங் காட்டலாம். அமைதிக் காலத்திலே, நன்றி செலுத்தும் நோக்கத்தோடு செய்த சிலையில், கூலிக்கு உழைத்தவனின் உடைமேல் அவனை வேலைக்கு வைத்தவரின் முகம் ஏறி முப்பத்தேழு ஆண்டு இருந்தது. இப்போதுள்ள சிலை உயரத்தில் மிகச் சிறியது. மீசையுடைய, தோள் அகன்ற ஒருவர், கனத்த சப்பாத்தோடு நிற்கிறார். அருகே நின்ற பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர்களின் ஆசிரியை இருளில் தடவி மூட்டை அடுக்குவதைக் கையாற் செய்துகாட்டினார். பிள்ளைகள் கண்களை மூடிக்கொண்டு தாமும் தடவிப் பார்த்தனர். பேராலயத்துக்கு அண்மையில் ஒரு மதுச்சாலைக்கும் வோக்கரின் பெயர் இட்டிருக்கின்றனர். அவர் அதைச் சிலையினும் மேலாக விரும்பியிருப்பார் போலும்.

வடபுறத்துச் சிறு வாயிலால் நிலவறைக்குச் செல்லலாம். நோர்மன் காலத்துக் குட்டைத் தூண்களும் வளைவுகளும் உள்ள இடம் அது. மாரிக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும்போது இன்றும் அங்கே வெள்ளம் புகுகிறது. வோக்கர் சுவரைக் காத்தாரேயன்றி நீரை விரட்டவில்லை. விரட்டுவது நோக்கமும் அன்று. நாம் சென்ற நாளில் உள்ளே இறங்க அனுமதியில்லை; பலகைத் தளமொன்றில் நின்றே பார்த்தோம். நடுவில், அந்தொனி கோம்லி என்னும் சிற்பி 1986இல் ஈயத்தால் ஆக்கிய மனித உருவம் ஒன்று தனியே நிற்கிறது. தலையைக் குனிந்து, குவித்த கைகளை நோக்கிக்கொண்டிருக்கிறது. நீர் அதன் முழங்காலை எட்டியிருந்தது. அலையே இல்லாத நீர் அது. மேலேயுள்ள வளைவுகள் தலைகீழாய் அதனுள் நின்றன. கற்களிலிருந்து எங்கோ ஒரு துளி சொட்டும்போது மட்டும் அவை நடுங்கிப் பின் மீண்டும் நேராகின.